நாலாவது மெயில்

"என் கண்ணே, தப்பு முழுக்க என் மேலதான்" என்று ஆரம்பித்த மெயிலைப் பார்த்ததும் அவள் நெட் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

அனுப்பியவர் பெயர் இருந்த இடத்தில் கணவனின் பெயர். விடுவாளா? அலுவலகத்தில் போலி மெயில்களைப் பிடிப்பதுதான் அவள் உத்தியோகம். 'வடிகட்டி' என்று பட்டப்பெயரே உண்டு. செயற்கை நுண்ணறிவு வந்தபிறகு மோசடிக்காரன் யாரைப்போல வேண்டுமானாலும் எழுதுவான் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவள்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமாகி இருபது வருடத்தில் வாய் தவறிக்கூட ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அந்தக் கோபத்தில்தான் அவன் நம்பரை பிளாக் செய்துவிட்டு, பத்து நாளாகத் தம்பி வீட்டில் இருக்கிறாள். இன்று மாலை ஐந்து மணிக்குத் தனி வீட்டுக்கான வாடகை ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டுவிட்டால் போட்டதுதான்.

"கண்ணேயாம்! எவனோ என் வீட்டு விஷயத்தை மோப்பம் பிடிச்சிருக்கான்."

வயரைச் செருகி, அந்த முகவரியைத் தடை செய்தாள்.

பத்து நிமிடத்தில் வேறு முகவரியிலிருந்து இன்னொரு மெயில். கல்யாணத்தன்று மழையில் அவள் செருப்பு அறுந்தது, அவன் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தது, எல்லாம் அதில் இருந்தது. நெஞ்சு இளகியது. அடுத்த நொடியே உஷாரானாள். கல்யாண போட்டோக்களை நெட்டில் ஏற்றியது அவள்தானே! அலுவலகத்துக்கு வரும் மெயில் மொத்தத்தையும் நிறுத்திவிட்டாள்.

மேலாளர் ஓடி வந்தார். "மேடம், ஒரு மணி நேரமா ஒரு மெயில்கூட வரல!"

"வரலைன்னா பாதுகாப்பா இருக்கோம்னு அர்த்தம் சார்."

"ஆர்டரும் வரலையேம்மா!"

முனகிக்கொண்டே திறந்துவிட்டாள். மூன்றாவது மெயில் குதித்து வந்தது, போட்டோவோடு. அடுப்படியில், கருகிய பாத்திரத்துக்குப் பக்கத்தில், கணவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அடுப்படி எந்தப் பக்கம்னே தெரியாத மனுஷன் சார்! போட்டோவையும் போலியா பண்ணிட்டானுங்க."

அதுவும் குப்பைக்குப் போயிற்று.

நாலரை மணிக்கு அவள் கைப்பையை எடுத்தபோது நாலாவது வந்தது.

"ஃபேனுக்கு எண்ணெய் போட்டாச்சு. வர்றதுன்னா வா."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வருடமாகக் கரடியாய்க் கத்தியும் அவன் தொடாத ஃபேன்!

"சாட்சாத் இவரேதான்!"

ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள், அனுப்பிய முகவரியைக்கூடப் பார்க்கவில்லை. தம்பிக்கு போன் போட்டாள்.

"டேய், என் பெட்டியை எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துடு. உங்க மாமா கூப்பிட்டுட்டார்!"

கணவன் வீங்கிய கண்களோடு கதவைத் திறந்தான். தொட்டியில் கருகிய பாத்திரம் ஊறிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே ஃபேன் 'கிரீச், கிரீச்' என்றது.

அவளுக்கு மறுபடி சந்தேகம் முளைத்தது. "எண்ணெய் போட்டாச்சுன்னு எழுதினீங்க?"

"நானா? நான் போட்டது மூணு மெயில்தான். ஃபேனைப் பத்தி எழுதவே இல்லையே!"

வாசலில் பெட்டியை இறக்கிவைத்த தம்பி தலையைச் சொறிந்தான்.

"அந்த மூணும் மாமா அழுதுக்கிட்டே சொந்தமா எழுதினதுதான் அக்கா. நீ எதுக்கும் பதில் போடலைன்னதும், நீ பத்து நாளா புலம்பின ஃபேன் கதையைச் சொல்லி, 'மாமா மாதிரியே ஒண்ணு எழுது'ன்னு நான்தான் கம்ப்யூட்டர்கிட்ட சொன்னேன்!"