என் கையும் உங்கள் தங்கையும்

பெருமதிப்பிற்குரிய மூத்த மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நான் முக்கால் நலம். உங்கள் தங்கை முழு நலம். இந்த வாக்கியத்தைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அதற்காகவே இக்கடிதம்.

கீழ்வீட்டுத் தையற்காரர் உங்களுக்குப் போன் செய்து, உங்கள் தங்கை என்னை அடிப்பதாகச் சொன்னாராம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் விசாரிக்க வருவதாக உங்கள் மகன் தெரிவித்தான். அவளுக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்தால் ஒடிந்துபோவாள். எனவே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சென்ற மாதம் முதல் என் முன்கைகளில் கருஞ்சிவப்புத் திட்டுகள் வருகின்றன. ஸ்கேல் வைத்து அளந்து தேதிவாரியாகக் குறித்திருக்கிறேன், இதுவரை பதினொன்று. தோல் டாக்டர் பார்த்துவிட்டு, "வயசாச்சுல்ல சார், புதுச் செல்லு வர்றது மெதுவாயிடும், தோல் மெலிஞ்சிடும், ரத்தக்குழாயைத் தாங்கிப் பிடிச்சிருந்த நாரெல்லாம் தளர்ந்துடும், கதவுல லேசா இடிச்சாலே குழாய் உடைஞ்சு ரத்தம் உள்ளேயே கசியும், பயப்படாதீங்க, முழுக்கைச் சட்டை போடுங்க" என்றார். பயப்படாதீங்க என்றதும் எனக்குப் பயம் வந்துவிட்டது, ஆனாலும் சொன்னபடி தையற்காரரிடம் போனேன், அவர் கையை நீட்டச் சொன்னார், நீட்டினேன், டேப் அப்படியே நின்றுவிட்டது. "யாரு சார் இப்படிப் பண்ணது?" என்றார். "யாருமில்லை, தானாவே வருது" என்றேன். உண்மைதான், ஆனால் சொல்லும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை, என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். "இந்த வெயில்ல முழுக்கை எதுக்கு?" என்றார். "பாதுகாப்புக்குத்தான்" என்றேன். அந்த நேரம் பார்த்து மாடிப்படியிலிருந்து உங்கள் தங்கை, "எங்க போய் ஒளிஞ்சுக்கிட்டீங்க? இன்னிக்கு ரெண்டு கையையும் ஒரு வழி பண்ணாம விடமாட்டேன், மேல வாங்க!" என்று கூப்பிட்டாள். களிம்பு தடவத்தான் மச்சான். அது சில்லென்று இருக்கும், நான் கத்துவேன், அதுவும் கீழே கேட்டிருக்கிறது.

ஆகவே, இந்த நாற்பத்தாறு வருடத்தில் அவள் என்மீது ஒருபோதும் கை ஓங்கியதில்லை என்று உறுதியளிக்கிறேன். ஞாயிறன்று வாருங்கள், சாப்பிடுங்கள், அவளிடம் மட்டும் ஒன்றும் கேட்காதீர்கள். வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
எவருடைய நிர்ப்பந்தமும் இன்றி எழுதும்,
தங்கள் தங்கை கணவர்

பி.கு.: உறையில் போடுவதற்குள் அவள் இதைப் படித்துவிட்டாள். ஒடிந்துபோகவில்லை. "எங்கண்ணன்கிட்டயே என் மானத்தை வாங்குறீங்களா?" என்று மூக்குக் கண்ணாடிப் பெட்டியால் மணிக்கட்டில் ஒன்று வைத்தாள். லேசான தட்டுதான், டாக்டர் கணக்குப்படி குற்றம் என் ரத்தக்குழாயினுடையது. ஒன்றேகால் அங்குலம், வரிசை எண் பன்னிரண்டு. மேலே 'ஒருபோதும்' என்ற இடத்தில் 'இன்று காலை பத்தேகால் வரை' என்று திருத்தி வாசிக்கவும். களிம்பும் அவளே தடவினாள். கத்தினேன். கீழே தையல் மிஷின் சட்டென்று நின்றது. போன் வந்தால் எடுக்காதீர்கள்.