வாசற்படி தாண்டாத அண்டா

"கல்லுல என் பேரு எங்கண்ணா?"

திண்டிவனத்திலிருந்து கிருஷ்ணவேணி போனில் இப்படிக் கேட்டதும், விழுப்புரத்தில் இட்லி தின்றுகொண்டிருந்த அவள் அண்ணன் கண்ணையனுக்குப் புரையேறிவிட்டது.

"எந்தக் கல்லு?"

"குரூப்ல போட்டியே, அந்தக் கல்லு."

கண்ணையன் கட்டியிருந்த புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வரப்போகிறது. கூடத்துச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு கிரானைட் பலகை பதித்து, அதில் குடும்ப மரத்தை வெட்டி வைக்க ஏற்பாடு செய்திருந்தான். அடிமரம் கொள்ளுத்தாத்தா சின்னசாமி. கிளைகளில் தாத்தா, பெரியப்பா, அப்பா, சித்தப்பா. மாதிரிப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெருமையாகப் போட்டிருந்தான். கிருஷ்ணவேணி அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினாள். இன்னும் பல் முளைக்காத அண்ணன் பேரன்கூட ஒரு கொழுந்தில் தொங்கிக்கொண்டிருந்தான். பெண் என்று ஒரு பிறவியும் அந்த மரத்தில் காய்க்கவில்லை.

"பொண்ணுங்க பேரு புருஷன் வூட்டு மரத்துல வரும் வேணி. அதான் முறை."

"என் புருஷன் வூட்ல செவுரே வாடகை. மரத்தை எங்க வெக்கிறது?"

"வம்சம்னா ஆம்பளை வழிதாம்மா. நான் உண்டாக்கின சட்டமா இது?"

"அப்ப கொள்ளுத்தாத்தா ஒத்தை ஆளா பெத்துக்கினாரா? அவரு பொண்டாட்டி பேரு என்னா, சொல்லு."

"கிளியனூரா."

"அது ஊரு. நான் கேட்டது பேரு."

போனில் இட்லி மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. கிளியனூரிலிருந்து அவர்கள் பூர்வீக ஊரான வல்லத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததால் அந்த அம்மாள் கிளியனூரா. அதற்கு மேல் அவளைப் பற்றி அந்த வம்சத்துக்கு ஒன்றும் தெரியாது.

கிருஷ்ணவேணி இன்சூரன்ஸ் ஏஜென்ட். பெயர் எழுதாத கட்டத்தைப் பார்த்தால் அவளுக்குச் சோறு இறங்காது. நாமினி பெயர் சொல்ல மறந்த ஒருவரைக் கல்யாணப் பந்தியில் பாயசத்துக்கும் மோருக்கும் நடுவே பிடித்து எழுதி வாங்கியவள். அப்பேர்ப்பட்டவளிடம் கண்ணையன் வாயைக் கொடுத்தான்.

"அவ்ளோ ரோசமா இருந்தா நீயே கண்டுபிடி. ஆதாரத்தோட வா. எல்லாப் பொம்பளை பேரையும் வெட்டச் சொல்றேன்."

"கல்லு வெட்றவரை உளிய கீழ வெக்கச் சொல்லு. வர்றேன்" என்று போனை வைத்தாள்.

முதலில் அவள் பிடித்தது, பத்திரம் எழுதும் கோபியை. பழைய பத்திரம், பட்டா, அந்தக் காலத்து வாக்காளர் பட்டியல் எல்லாவற்றிலும் பார்த்துச் சொல்லும்படி அவனை உட்கார வைத்தாள். கோபி நல்ல பையன். தேடிவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"அந்தம்மா பேர்ல ஒரு சென்ட் நிலம் கெடயாதுங்க. பொறப்பு எறப்பு எதுவும் பதியல. பள்ளிக்கூடப் பக்கமே போகல. ஓட்டர் லிஸ்ட்ல மட்டும் இருக்காங்க."

"என்னான்னு இருக்கு?"

"சின்னசாமி மனைவி."

"ஓட்டு போடறப்பகூடவா?"

"பேரு கேட்டா வெக்கப்பட்டுக்கினு சொல்லியிருக்க மாட்டாங்க. எழுத வந்தவருக்கு ஜல்தியா அடுத்த வூட்டுக்குப் போவணும். எழுதிட்டுப் போயிட்டாரு."

அடுத்து ராஜாமணி அத்தை. அப்பாவுடைய அக்கா. கல்யாணமாகித் திண்டிவனத்துக்கு வந்தவள், எண்பதைத் தாண்டியும் குரல் மட்டும் தேயவில்லை. கிளியனூராவின் மடியில் வளர்ந்த பேத்தி இவள்தான்.

"ஆயாவ ஆயான்னுதான் கூப்புடுவோம். பேரு சொல்லிக் கூப்புட்டா தொடையில சூடு வெக்க மாட்டாங்க?"

"உங்க அம்மா?"

"மாமியா பேரை மருமவ சொல்லுவாளா?"

"தாத்தா?"

"அவரு 'இந்தாடி'ம்பாரு. அதையும் பசிச்சாத்தான் சொல்லுவாரு." அத்தை சட்டென்று நிமிர்ந்தாள். "ஆமா, அந்தக் கல்லுல என் பேரு இருக்குதா?"

கிருஷ்ணவேணி பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதன் பலன், அன்று மாலையே குடும்பக் குழுவில் அத்தையின் குரல் பதிவு வந்து விழுந்தது. "எங்க பேரு இல்லாத வூட்ல பால் காய்ச்ச ஒரு பொம்பளையும் வர மாட்டா. கண்ணையா, நீயே முந்தானை போட்டுக்கினு காய்ச்சிக்கோ!" அதற்குக் கீழே அத்தை மகள், சித்தப்பா மகள், கிருஷ்ணவேணியின் சொந்த மகள் அருணா என்று வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள்.

கண்ணையன் கொதித்துப்போய் எல்லோரும் பார்க்க அதே குழுவில் எழுதினான். பெயர் கிடைத்தால் எல்லாப் பெண்களும் கல்லில் ஏறலாம். கிடைக்காவிட்டால் ஒருத்தி பெயரும் கிடையாது. கிருஷ்ணவேணியே வந்து வாயை மூடிக்கொண்டு பால் காய்ச்ச வேண்டும்.

நேற்றுவரை அண்ணன் தங்கைக்குள் இருந்த சண்டை, இன்று ஊரறிய அத்தனை பெண்கள் பெயரையும் பணயம் வைத்துவிட்டது. இனிப் பின்வாங்க முடியாது. அவளுக்குப் பின்வாங்கும் பழக்கமும் இல்லை.

நேரே கிளியனூர் போய் இறங்கினாள். பிறந்த ஊரில் பெயர் இல்லாமலா போகும்? டீக்கடையில் விசாரித்ததில் ஒரு பெரியவர் முகம் மலர்ந்தார்.

"வல்லத்துல குடுத்த பொண்ணா? எங்க தாத்தாவோட தங்கச்சி ஆச்சே! நல்லா ஞாபகம் இருக்குதும்மா."

கிருஷ்ணவேணி பேனாவைத் திறந்தாள். "பேரு சொல்லுங்கய்யா."

"வல்லத்தா."

"அது ஊருங்க."

"நாங்க அப்பிடித்தாம்மா கூப்புடுவோம். வல்லத்தா வந்துட்டாங்கன்னா மல்லாட்டைக் கடலை வறுத்துக்கினு வருவாங்க, அள்ளி அள்ளிக் குடுப்பாங்க."

கிருஷ்ணவேணிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "அங்க கேட்டா கிளியனூரா, இங்க கேட்டா வல்லத்தா. நடுவழியில போய்க்கினு இருந்தப்ப அவளுக்கு என்னாங்க பேரு?"

பெரியவரோ விட்டுப்போன சொந்தம் கிடைத்த சந்தோஷத்தில், கிரகப்பிரவேசத்துக்குத் தாய்மாமன் வீட்டுச் சீரோடு இரண்டு வேன் வரும் என்று அங்கேயே அறிவித்துவிட்டார். அதைக் கேட்ட கண்ணையன், "பேரைத் தேடப் போறேன்னுட்டு ஊரையே கூட்டினு வர்றியே, பேஜாரு புடிச்சவளே!" என்று போனில் குதித்தான்.

பெயர் இல்லை. வேன் மட்டும் உறுதி. துவண்டுபோய்த் திரும்பியவளிடம் ராஜாமணி அத்தை யோசித்துக்கொண்டே சொன்னாள்.

"என் கல்யாணத்துல பாயசம் காய்ச்சினது வல்லத்து வூட்டு பித்தளை அண்டாவுலதான். அதுல புள்ளி புள்ளியா பேரு வெட்டியிருந்துது. ஆயா அதைத் தடவிக்கினே இருக்கும். எனக்குப் படிக்கத் தெரியாதே, அதனால உட்டுட்டேன்."

கிருஷ்ணவேணி துள்ளி எழுந்தாள். சீர்ப் பாத்திரம்! பெண்ணுக்குக் கொடுக்கிற பாத்திரத்தில் பெண்ணின் பெயரை வெட்டுவதுதானே வழக்கம். பத்திரமும் பட்டாவும் மறந்தவளைப் பாத்திரம் மறந்திருக்காது.

வல்லத்துப் பழைய வீட்டில் இப்போது சித்தப்பா மகன் செல்வகுமார் இருந்தான். அண்டா என்றதும் அவன் முகம் மாறியது.

"பரண் மேல கெடக்குதுக்கா. ஆனா அது வாசப்படி தாண்டக் கூடாது. அப்பா சாவறப்பகூட சொல்ட்டுப் போனாரு. ஊருப் பொங்கலுக்குக் கேட்டாக்கூட, 'எங்க வூட்ல அண்டாவே இல்ல'ன்னுதான் சொல்லணுமாம். சாமி குத்தம் ஆயிடுமாம்."

"எந்தச் சாமிடா?"

"அது தெரியாதுக்கா."

பரணிலிருந்து இறக்கி, புளி போட்டுத் தேய்த்ததும் விளிம்பில் எழுத்துகள் பளபளத்தன. அம்மாக்கண்ணு. கிருஷ்ணவேணி அந்தப் புள்ளிகளை விரலால் தடவினாள். ஏஜென்ட்டாக எத்தனை கட்டங்களை நிரப்பியிருப்பாள்! ஒரு பெயருக்காகக் கண் கலங்கியது அன்றுதான்.

"இத வாசப்படி தாண்டி, விழுப்புரம் கொண்டுபோயி, நடுக்கூடத்துல வெக்கிறேன் பாரு" என்றாள்.

செல்வகுமார் பயந்துபோய் அண்டாவைப் போர்வையால் மூடித்தான் வெளியே தூக்கினான். எதிர்வீட்டு வாசலில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த இளவரசி அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அந்தப் பக்கம் பாக்காத. அவங்களுக்கும் நமக்கும் பேச்சுவார்த்தை கெடயாது" என்று கிசுகிசுத்தான்.

"எதுக்கு?"

"தெரியாது. எங்கப்பா பேசல, நானும் பேசல."

காரணமே தெரியாத கட்டுப்பாடுகள்மேல் கிருஷ்ணவேணிக்கு அப்போது கடும் கோபம். விறுவிறுவென்று தெருவைக் கடந்தாள். "அம்மா, எங்கண்ணன் வூட்டு கிரகப்பிரவேசம். விழுப்புரம். அவசியம் வரணும். வல்லத்துலேர்ந்து வேன் விட்டிருக்காங்க."

இளவரசி அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க வூட்லேர்ந்து கூப்புடறீங்களா? அப்ப கண்டிப்பா வர்றேன்."

கண்ணையன் வாக்குத் தவறவில்லை. தவற முடியாதபடி குழுவில் எழுதி மாட்டிக்கொண்டிருந்தான். அண்டாவின் புகைப்படத்தைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு கல்லை மறுபடி வெட்டச் சொன்னான்.

கிரகப்பிரவேசத்தன்று கூடமே நிரம்பி வழிந்தது. திரை விலகியது. அடிமரத்தில் சின்னசாமி – அம்மாக்கண்ணு. கிளையெல்லாம் ஆண்களோடு பெண்களும். ராஜாமணி அத்தை தன் பெயர் எது என்று கேட்டு, காட்டியதும் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நகர மறுத்தாள். கிருஷ்ணவேணி, அருணா இரண்டு பெயர்களும் பக்கத்துப் பக்கத்து இலைகளில் இருந்தன. கிளியனூர்க்காரர்கள் இரண்டு வேனுக்குப் பதில் மூன்று வேனில் வந்து, "எங்க அம்மாக்கண்ணு, எங்க அம்மாக்கண்ணு" என்று புதிதாகத் தெரிந்த பெயரைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தார்கள். கல்லுக்குக் கீழே அண்டா மாலையும் மஞ்சளுமாக நின்றது. எல்லோரும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

பால் பொங்கியது. கிருஷ்ணவேணி தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். அப்போதுதான் இளவரசி அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அண்டாவைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். அடிப்பக்கத்து நெளிவைத் தட்டினாள். விளிம்பைப் படித்தாள்.

"இது எங்க ஆயா அண்டாவாச்சே!"

"அம்மாக்கண்ணு எங்க ஆயா. இந்த நெளிவு கெணத்தடியில வுழுந்தது. உங்க ராஜாமணி கல்யாணத்துக்கு இரவல் வாங்கினு போனீங்க. அப்புறம் கேட்டா, திருப்பிக் குடுத்துட்டோம்னீங்க. இங்க மாலையெல்லாம் போட்டு வெச்சிருக்கீங்களே!"

செல்வகுமார் மெல்லப் பின்னால் நகர்ந்து மணையில் தடுக்கி விழுந்தான். அந்தச் சாமி எது என்று அவனுக்கு இப்போது தெரிந்துவிட்டது. கிளியனூர்ப் பெரியவர் அண்டாவைத் தொட்ட கையை வேட்டியில் துடைத்தார். கண்ணையன் முகத்தில் மட்டும் பல நாளாகக் காணாத வெளிச்சம்.

"அப்ப பேரு தப்பு! ஆதாரம் திருட்டு! நான் எழுதினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்குதில்ல? பேரு கெடைக்கலன்னா ஒருத்தி பேரும் கெடயாது. கல்லு வெட்றவரைக் கூப்புடு!"

ராஜாமணி அத்தை கல்லில் வைத்த கையை எடுக்கவில்லை. "என் கை மேல உளிய வெக்கட்டும் பாக்கறேன்" என்றாள்.

கிருஷ்ணவேணிக்கு வெட்கமாக இருந்தது. தடவித் தடவிக் கண் கலங்கிய பெயர், எதிர்வீட்டு ஆயாவின் பெயர். ஆனாலும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இளவரசி அம்மாளின் முன்னால் போய் நின்றாள்.

"அண்டாவை இன்னிக்கே உங்க வேன்லயே ஏத்தி அனுப்பறேன். நாங்க பண்ணது தப்பு. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அதை இரவல் வாங்கினு போனது எங்க கிளியனூராதானே? பேரு தெரியுமா?"

"தெரியாம என்னா?" என்றாள் இளவரசி அம்மாள். "எங்க ஆயா சாவற வரைக்கும் சாயங்காலமானா தெருவுல நின்னுக்கினு உங்க வூட்டப் பாத்துக் கத்தும்: 'அடியே பச்சையம்மா! ஒளிச்சா வெச்சிருக்கற? உன் வம்சமே ஒருநாள் அதை நடுவூட்ல வெச்சி மாலை போட்டு, உன் பேரை மறந்துட்டு என் பேரைச் சொல்லிக் கும்புடும்டீ!'"