தலையில்லாத நாத்தனார்

மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டரில் வேலை என்று பெண் வீட்டில் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அந்த வீட்டில் பிளக் வைத்த அத்தனை பொருளுக்கும் அவர்தான் பொறுப்பு. நான் பார்ப்பது மென்பொருள் சோதிக்கும் வேலை. (அதாவது, அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பது. சும்மா சொல்லக்கூடாது, அதில் நான் கெட்டிக்காரன்.) கல்யாணமான சில மாதங்களிலேயே சிங்கப்பூரில் பொங்கோல் பக்கம் இருக்கும் மாமனார் வீட்டின் வைஃபை, ஏர்கான் ரிமோட், ரைஸ் குக்கர் எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்த்து நல்ல பெயர் வாங்கியிருந்தேன். வாங்கிய பெயரை ஒரே பெண்டிரைவில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மாமனார் மாமியாரின் முப்பதாவது கல்யாண நாள் வந்தது. அவர்களுடைய கல்யாண வீடியோ கேசட்டாகப் பிறந்து, தேக்காவில் ஒரு கடையில் டிவிடியாக மாறி, பிளேயர் செத்துப்போனதால் அலமாரியில் கிடந்தது. மாமனார் அப்போதுதான் ஹாலில் பாதியை அடைக்கும் அளவுக்கு ஒரு டிவி வாங்கியிருந்தார்.

"மாப்ள, இத பெண்டிரைவ்ல ஏத்திக் குடுத்துருங்க. அன்னிக்கு எல்லாரும் வருவாங்க, இதுல போட்டுப் பாக்கணும்" என்றார்.

எல்லாரும் என்று அவர் சொன்னது ஒரே ஒருவரைத்தான். அவருடைய தங்கை, தங்கம் அத்தை. எங்கள் கல்யாணத்தில் மேடையில் குடும்பப் படம் எடுத்த நேரம் பார்த்து அத்தை கைகழுவப் போயிருந்தார். படத்தில் அவர் இல்லை. "அண்ணி வேணும்னேதான் என்னைக் கூப்பிடல" என்று கிளம்பிப் போனவர், அதற்குப் பிறகு அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மாமியார் இந்த முறை பழத்தட்டோடு அவர் வீட்டுக்கே போய் அழைத்தார். அதற்கும் மசியாதவர், கல்யாண வீடியோ என்றதும் இறங்கி வந்தார். ஏனென்றால் மாமனார் தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும், மற்ற இரண்டு முடிச்சையும் நாத்தனார் என்ற உரிமையில் போட்டவர் அத்தைதான். ஆக, அண்ணியும் நாத்தனாரும் மறுபடி பேசுவதும் பேசாததும் என் கையில் இருந்தது.

முதல் தடவை ஒழுங்காகத்தான் மாற்றினேன். பழைய வீடியோ கிட்டத்தட்டச் சதுரம், புது டிவி நல்ல அகலம். படம் நடுவில் நிற்க, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தது. மாமனார் முகம் வாடிவிட்டது. "இவ்ளோ பெரிய டிவி வாங்கி, நடுவுல மட்டும் பாக்கறதா லா?"

சரியென்று படத்தைப் பக்கவாட்டில் இழுத்து நிரப்பினேன். மாமியார் பார்த்துப் பதறிவிட்டார். "ஐயையோ, நான் இப்படியா பூசணிக்கா மாதிரி இருந்தேன்?"

"அப்பவும் இப்படித்தான் இருந்தே" என்றார் மாமனார். (அன்று அவர் வெளியில் போய்ச் சாப்பிட்டார்.)

மூன்றாவது தடவை எனக்கு மூளை வேலை செய்தது. ஆளைப் பருக்க வைக்காமல் படத்தை மொத்தமாகப் பெரிதாக்கி, மேலும் கீழும் மிஞ்சுவதை வெட்டிவிட்டால் திரை நிறைந்துவிடும். அப்படியே செய்தேன். மணமக்கள் மணையில் உட்கார்ந்திருக்கும் இடத்தை ஓட்டிப் பார்த்தேன். இரண்டு முகமும் கச்சிதமாக நடுவில் விழுந்தன.

"முழுசா செக் பண்ணிட்டீங்களா?" என்றாள் என் மனைவி பவித்ரா.

"டெஸ்டர்கிட்டயே கேக்கறியா?" என்றேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

அந்த நாள் வந்தது. தங்கம் அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து சோபாவின் நடுவில் உட்கார்ந்தார். மாமியார் கொடுத்த தேநீரை வாங்கிக்கொண்டார், ஆனால் முகம் பார்க்கவில்லை. வீடியோ ஓடியது. உட்கார்ந்தவர்களுக்கு எல்லாம் சரியாக இருந்தது. பிறகு ஓர் ஆள் நின்றுகொண்டு வந்தார். கழுத்துக்கு மேல் அவர் இல்லை.

"யாரு இது?"

"வேட்டியப் பாத்தா எங்க சித்தப்பா மாதிரி இருக்கு லா" என்றாள் பவித்ரா.

எனக்கு ஏர்கானில் வியர்த்தது. கெட்டிமேளம் முழங்கியது. மாமனார் முதல் முடிச்சைப் போட்டார். மணப்பெண்ணுக்குப் பின்னால் ஒரு பச்சைப் பட்டு வந்து குனிந்தது. வளையல் கைகள், கழுத்துச் சங்கிலி. அதற்கு மேல் டிவி முடிந்துவிட்டது. கைகள் இரண்டு முடிச்சையும் போட்டுவிட்டுப் போயின.

"என் தலை எங்க?" என்றார் அத்தை. பிறகு மாமியார் பக்கம் திரும்பினார். "மேடையிலதான் கூப்பிடல. இப்ப வீடியோலயும் வெட்டியாச்சா அண்ணி?"

"தங்கம், சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது!" மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்க்க எனக்கு நிஜமாகவே வலித்தது.

"அத்தை, நான்தான் உங்க தலைய வெட்டினேன்" என்று எழுந்தேன். (இதைவிட மோசமாக அந்த வாக்கியத்தைச் சொல்லவே முடியாது.) "உங்கள மட்டும் இல்ல, நின்ன எல்லாரையும் வெட்டிட்டேன். அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்..."

அத்தை எழுந்தார். வாசலுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் நேராக டிவிக்குப் போய், சுவருக்கும் அதற்கும் நடுவில் பட்டுப்புடவையோடு நுழைந்தார். குள்ளமான உருவம். அவர் மோவாய் சரியாக டிவியின் மேல்விளிம்பில் வந்து நின்றது.

"நான் இல்லாத கல்யாணம் என்ன கல்யாணம்? திருப்பிப் போடுங்க மாப்ள."

போட்டேன். பச்சைப் பட்டு வந்து குனிந்தது. இளம் உடம்புக்கு மேலே மூக்குக்கண்ணாடியும் நரைமுடியுமாக அத்தையின் தலை கோபத்தோடு இருந்தது. முதலில் சிரித்தது மாமியார்தான்.

"என்ன சிரிப்பு? சரியா இருக்கா, இல்லையா?" என்றது தலை.

"கொஞ்சம் எடது பக்கம் தங்கம்" என்றார் மாமியார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ம்ம், அங்கதான். அழகா இருக்கே."

அத்தையின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. அதன்பின் சித்தப்பாவும் மற்றவர்களும் வரிசையாக டிவிக்குப் பின்னால் போய் அவரவர் தலையைக் கொடுத்தார்கள்.

அடுத்த வாரமே கறுப்புப் பட்டையோடு முழு வீடியோவையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை இன்றுவரை யாரும் திறக்கவில்லை. ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் நான் வெட்டியதுதான் ஓடுகிறது. எனக்கு 'வெட்டு மாப்பிள்ளை' என்று பெயரும் நிலைத்துவிட்டது.

இந்த வருடம் அத்தை தன் மகளின் பிரசவத்துக்காக மெல்பர்ன் போயிருந்தார். தாலி கட்டும் நேரம் வந்ததும் மாமியார் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு டிவிக்குப் பின்னால் போனார். வீடியோ அழைப்பில் இருந்த அத்தையின் முகத்தைப் பச்சைப் பட்டின் கழுத்துக்கு மேல் பிடித்தார். மாமனார் இங்கிருந்து "கீழ, இன்னும் கீழ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, முடிச்சுப் போட்டுட்டேனா?" என்றது டேப்லெட்.

"போட்டுட்டே தங்கம்" என்றார் மாமியார், கை வலித்தும் இறக்காமல். "நல்லா இறுக்கமாவே போட்டுட்டே."