உரக்கச் சொல்லச் சொன்ன தபால் மிஷின்

அனுப்புநர்:
சு. நெல்லையப்பன்,
டெலிபோன் ஆபரேட்டர் (விருப்ப ஓய்வு),
தென்காசி.

பெறுநர்:
என் உடன்பிறந்த அக்கா உமாதேவி,
ஓசூர்.

பொருள்: சேலை அனுப்பி வைத்தது தொடர்பாக.

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் தம்பி விழுந்து கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் குற்றாலத்துச் சாரலும் சௌக்கியம். அங்கே நீயும் அத்தானின் முழங்காலும் சௌக்கியம் என்று நம்புகிறேன். கூடப் பிறந்தவளுக்கு எழுதும் கடிதத்தில் அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் எதற்கு என்று நீ முகம் சுளிப்பாய். என்ன செய்ய, இரண்டு வருஷமாக மனு எழுதி எழுதி, வாயைத் திறந்தாலே முதலில் என் விலாசம்தான் வருகிறது. இதை மொட்டை மாடியில் நின்று நான் சொல்லச் சொல்லப் போன் எழுதிக்கொள்கிறது. என் வீட்டுக்காரி மங்களேஸ்வரி கீழே சீரியல் பார்க்கிறாள். அவளுக்கு இது எதுவும் தெரியாது. தெரியவும் கூடாது.

அக்கா, ஜெயித்துவிட்டோம்! தபால் மிஷின் வந்துவிட்டது! ஆள் யாரும் இல்லாமல் நாமே எடை போட்டு, நாமே விலாசம் சொல்லி, நாமே பார்சலை உள்ளே தள்ளிவிடலாம். போன வருஷம் முதலில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்களே, அது வெறும் கண்ணாடித் திரை. தடவிப் பார்த்தால் எல்லா இடமும் வழவழவென்று ஒரே மாதிரி இருந்தது. என்னோடு சேர்ந்து மனு போடும் தங்கபுஷ்பத்தை உனக்குத் தெரியும், சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஜெராக்ஸ் கடை நடத்துகிறவள். அவளுக்கு அந்தத் திரை தலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் இருந்தது. தபாலாபீஸ் வாசலில் மூன்று படி வேறு. அவளும் நானும் சேர்ந்து போட்ட மனுக்களை எடைக்குப் போட்டிருந்தால் அவளுக்குப் புது நாற்காலியே வாங்கியிருக்கலாம். இப்போது சாய்தளம் உண்டு, கைக்கு எட்டும் உயரம் உண்டு, பிரெயில் பொத்தான் உண்டு, தமிழில் பேசும் குரல் உண்டு, அந்தக் குரல் நம் காதுக்கு மட்டும் கேட்க இயர்போன் சொருகும் துளையும் உண்டு. நான் பிறந்ததிலிருந்து கண் பார்வை இல்லாதவன், ஆனால் என் தபாலை ஊரே பார்த்திருக்கிறது. ஒருத்தர் எழுதுவார், ஒருத்தர் ஒட்டுவார், ஒருத்தர் போடப் போகிற வழியில் நாலு பேரிடம் சொல்லுவார். எனக்கென்று ரகசியமாக ஒரு கார்டு போட்டதில்லை அக்கா.

அதனால்தான் உங்கள் அறுபதாம் கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டுச் சேலையை நானே அனுப்புவதென்று முடிவு செய்தேன். நீ பத்திரிகையில் என் பெயரை மட்டும் எழுதி அனுப்பியதை மங்களம் படித்துவிட்டாள். "போணும்னா நீங்க மட்டும் போங்க, உப்பில்லாத புளியோதரை செய்யுதவளுக்கு அங்கன என்ன வேலை?" என்றாள். ஐந்தருவியில் குளித்த ஈரத்தோடு உட்கார்ந்து, அவள் கட்டிக் கொண்டுவந்ததைச் சாப்பிட்டுவிட்டு, "ஏட்டி, உப்பு போட மறந்துட்டியா?" என்று நீ கேட்டாயே, அந்தப் புளியோதரை இன்னும் செரிக்கவில்லை. அவளை விட்டுவிட்டு நான் வர முடியாது. சேலையும் வராவிட்டால் சபையில் உன் முகம் என்ன ஆகும்? அவளுக்குத் தெரியாமல் அது உன் கைக்கு வந்தாக வேண்டும். கடையில் கிளிப்பச்சை என்றார்கள், தடவிப் பார்த்தேன், ஜரிகை கனமாக இருந்தது. எடுத்துவிட்டேன்.

நேற்றுக் காலை தங்கபுஷ்பமும் நானும் போனோம். போனால் சாய்தளத்தில் ஒரு மோட்டார் சைக்கிளும், அதற்குப் பின்னால் ஒரு இளநீர் வண்டியும். "ஏலே, எவன்லே இங்கன வண்டியை விட்டது? எங்களுக்குச் சாய்தளம் போட்டா நீங்க ஷெட்டு ஆக்கிருதியளா?" என்று அவள் போட்ட சத்தத்தில் வண்டி, இளநீர் எல்லாம் தானாக நகர்ந்தன. உள்ளே போய் ஆசையாகப் பொத்தானைத் தொட்டேன். ஒன்றும் புரியவில்லை. பிரெயில் என்பது புள்ளியால் ஆன எழுத்து இல்லையா, அதன் மேல் நம் ஆட்கள் தங்கள் பங்குக்கும் ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். திறப்பு விழா அன்று தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, பொத்தானுக்குப் பொத்தான் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார்கள், அது காய்ந்து கல்லாகியிருக்கிறது. தங்கபுஷ்பம் தலையிலிருந்த ஹேர்பின்னை எடுத்து ஒவ்வொன்றாகச் சுரண்டிக் கொடுத்தாள். சரி, இயர்போனைச் சொருகலாம் என்று துளையைத் தேடினேன். அதில் ஊதுபத்தி! ஊதுபத்தி குத்துவதற்கு இவ்வளவு வசதியான ஓட்டை வேறு எங்கே கிடைக்கும்? குச்சி உள்ளேயே ஒடிந்து நின்றுகொண்டது. ஆக, என் காதுக்கு மட்டும் பேச வேண்டிய குரல் ஒலிபெருக்கி வழியாகத் தெருவுக்கே பேச ஆரம்பித்தது.

பின்னால் பாவூர்சத்திரத்துக் காய்கறி வியாபாரி ஆதித்தன் அண்ணாச்சி நின்றார். தங்கமான மனுஷர், அதுதான் சிக்கல். "சார்வாள், நீங்க சும்மா நில்லுங்க, நான் அமுக்குதேன்" என்று எட்டி அமுக்கினார், மிஷின் ஹிந்திக்குப் போய்விட்டது. திரும்பத் தமிழுக்கு வருவதற்குள் வரிசை வாசல் வரை நீண்டுவிட்டது. "பார்சலில் உள்ள பொருள் என்ன?" என்று மிஷின் கேட்டது. மெதுவாக "சேலை" என்றேன். "மன்னிக்கவும், உரக்கச் சொல்லவும்." இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். "மன்னிக்கவும், உரக்கச் சொல்லவும்." எனக்கு வந்ததே கோபம், "சேலை! சேலை! பட்டுச் சேலை!" என்று கத்திவிட்டேன்.

"சேலையாம்லா. யாருக்காம்?" என்றது ஒரு குரல். அதற்குள் மிஷின் அடுத்து ஏதோ கேட்டது, இந்தப் பேச்சில் காதில் விழவில்லை. விழுந்து என்ன ஆக வேண்டும், விலாசத்தைத்தானே கேட்கும்? மனுவில் பழுத்தவன் நான். கடகடவென்று என் விலாசத்தைச் சொல்லி முடித்தேன், அடுத்த மணி அடித்ததும் உன் விலாசத்தைச் சொன்னேன். "வீட்டம்மா பேரு மங்களேஸ்வரில்லா? இது யாரு ஓசூர் உமாதேவி?" என்றார் ஆதித்தன் அண்ணாச்சி. "என் அக்கா!" என்று கத்தினேன். "அக்காவா? சரி, சரி" என்று அவர் இழுத்த இழுப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "விவரங்களைச் சரிபார்க்கிறீர்களா?" என்று மிஷின் கேட்டது. ஊரே சரிபார்த்தாயிற்று, இனி நான் வேறா என்று 'சரி' பொத்தானை அமுக்கினேன். சீட்டு வந்தது, தடவிப் பார்த்து ஒட்டினேன், கதவு திறந்தது, பார்சலை என் கையாலேயே உள்ளே தள்ளினேன். டொம்மென்று விழுந்தது பார், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வெளியே வந்து சாரலில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். அழுதேன் அக்கா, சந்தோஷத்தில். தங்கபுஷ்பமும் மூக்கை உறிஞ்சினாள், கேட்டால் சளி என்றாள்.

சேலை இரண்டொரு நாளில் வந்துவிடும். வந்ததும் போன் பண்ணாதே, மங்களம் எடுத்துவிடுவாள். அத்தானும் நீயும் குற்றாலநாதர் கிருபையால் எண்பதாம் கல்யாணமும் பார்த்து, எங்கள் இருவரையும் ஆசீர்வதிக்க வேண்டும். இருவரையும் என்றுதான் சொல்கிறேன், கவனி.

இப்படிக்கு,
தன் கையால் தபால் போட்ட தம்பி,
நெல்லையப்பன்

பி.கு.: கடிதத்தை அனுப்புவதற்குள் குடி முழுகிவிட்டது. சற்று முன் தபால்காரர் வந்து மங்களத்தின் கையில் ஒரு பார்சலைக் கொடுத்தார். "பட்டுச் சேலைன்னு போட்டிருக்கும்மா. அனுப்பினது உமாதேவி, ஓசூர்." அந்த மிஷின் பெறுநரைத்தான் முதலில் கேட்குமாம், நான் முதலில் சொன்னதோ என் விலாசம். இத்தனை வயதில் யார் கையும் படாமல் நானே செய்த முதல் தப்பு அக்கா, எவன் மேலும் பழி போட முடியாது! உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் எதிர் வீட்டு உலகம்மாள் மூச்சிரைக்க வந்து, "ஏட்டி மங்களம், உன் வீட்டுக்காரரு எவளோ உமாதேவிக்குச் சேலை அனுப்புதாராம், ஊரே பேசுது" என்றாள். மங்களம் சீட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "நல்லாப் பாத்துக்கோ. இவுக அனுப்பலை. எங்க மதினி எனக்கு அனுப்பியிருக்காக" என்றாள். மதினி! எத்தனை வருஷம் ஆயிற்று அந்தச் சொல்லைக் கேட்டு! இப்போது அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு, உனக்கு மாம்பழக் கலரில் ஒன்று எடுக்கக் கடைக்குக் கிளம்பிவிட்டாள். உனக்குப் பச்சை எடுப்பாக இருக்காதாம், அதனால்தான் தனக்கு அனுப்பினாயாம். கல்யாணத்துக்கு இருவருமாக வருகிறோம், புளியோதரையும் வருகிறது. ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. அந்தச் சேலையை அனுப்பியது நீதான். அங்கே வந்ததும் அவள் நன்றி சொல்வாள். நீ பதிலுக்கு ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும்: "உனக்குத்தான் எடுத்தேன் மங்களம்." சபையில் எல்லோருக்கும் கேட்கும்படி, உரக்கச் சொல்லவும்.