டோக்கன் அக்காவின் கச்சேரி

உள்ளே மிஷின் ‘ஙீ’ என்றது. வெளியே மூன்றாவது நாற்காலிக்காரர் எழுந்துவிட்டார்.

“ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்மா.”

“இங்கேயே பேசலாமே சார்.”

“டவர் கிடைக்கல.”

போன் பேசப் போனவர் யாரும் அந்தப் பல் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. கையில் போனே இல்லாமல் போன் பேசப் போனவர்களையும் டோக்கன் அக்கா பார்த்திருக்கிறாள். வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். சொந்தப் பெயரை அவள் புருஷனே மறந்திருக்கலாம்.

டாக்டர் தங்கமானவர். அவர் ஊசி போட்டால் எறும்புக்குக்கூடத் தெரியாது. கோளாறெல்லாம் பல் குடையும் மிஷினின் குரலில்தான். கதவை எத்தனை இறுக்கிச் சாத்தினாலும் அது சாவித் துவாரம் வழியாக வெளியே வந்து, காத்திருப்பவர்களின் கடைவாய்ப் பல்லைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். மீசையை முறுக்கிக்கொண்டு வருகிற ஆட்கள்கூட, வலி அதிசயமாகக் குணமாகிவிட்டது என்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

அன்று காலையில்தான் டாக்டர் கண்ணாடியைத் துடைத்தபடி சொல்லியிருந்தார். “இந்த மாசமும் நாற்காலி காலியாவே கிடந்தா, நான் பெரிய ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேர்ந்துடறேன்மா.”

“நானும் வந்துடறேன் டாக்டர்.”

“அங்க டோக்கன் கொடுக்க மிஷின் வெச்சிருக்காங்கம்மா.”

மிஷின் சத்தத்தை மறைக்க டோக்கன் அக்கா ஏற்கெனவே முயன்றிருக்கிறாள். பாட்டெல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. எப்பேர்ப்பட்ட தாலாட்டிலும் மிஷின் நடுவில் புகுந்து ஓர் ஆலாபனை செய்துவிடும். வேறு வழியில்லாமல் கொழுந்தனுக்குப் போன் போட்டாள். அவன் இசையமைப்பாளன். இந்தச் செய்தி அவனைத் தவிர வேறு யாருக்கும் இன்னும் எட்டவில்லை.

“பாட்டெல்லாம் அந்த மிஷின் முன்னாடி நிக்காது அண்ணி. கம்ப்யூட்டர்லயே சத்தம் செய்யற ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. எந்த வாத்தியத்துலயும் வராத சத்தமெல்லாம் அதுல வரும்.”

“என்ன விலைப்பா?”

“இலவசம்.”

டோக்கன் அக்காவுக்கு உடனே அதன்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. “அருவி மாதிரி இதமா ஒண்ணு வருமா?”

“குமிழைத் திருகினா எல்லாம் வரும். நடுவுல இருக்கற பெரிய குமிழை மட்டும் தொட்டுடாதீங்க.”

அவன் சொல்லச் சொல்ல மேசைக் கம்ப்யூட்டரில் அதை இறக்கி முடித்தாள். திரை முழுக்கக் குமிழ்கள். விமானத்தைக்கூட இதைவிடக் குறைவான குமிழ்களை வைத்துக்கொண்டு ஓட்டிவிடலாம். சாமியைக் கும்பிட்டுக்கொண்டு ஒன்றைத் திருகினாள்.

அருவி வந்தது, ஆனால் தண்ணீருக்குப் பதிலாகத் தகர டப்பாக்கள் கொட்டின. கூரையில் இருந்த ஸ்பீக்கர் தும்மியது. மூலையில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் கைத்தடியை ஓங்கியபடி விழித்தார்.

“மேல யாரும்மா வீட்டை இடிக்கறது?”

“மியூசிக் ஐயா. மனசுக்கு நிம்மதியா இருக்கட்டும்னு.”

“எனக்குப் பல்லுதான்மா வலிக்குது, மனசு நல்லாத்தான் இருந்தது.”

அடுத்த குமிழைத் திருகினாள். டப்பாக்கள் நின்றன. ஒரு ரோபோ ஆணிகளைப் போட்டு வாய் கொப்பளிக்கத் தொடங்கியது. சத்தத்தைக் குறைக்கும் குமிழ் இதுதான் என்று நம்பி இன்னொன்றைத் திருகினாள். லட்சம் கொசுக்கள் ஆளுக்கொரு மைக்கைப் பிடித்துக்கொண்டு சொத்துத் தகராறில் இறங்கின. மீன்தொட்டியில் இருந்த மீன்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் போய் ஒதுங்கின.

“தம்பி, இதை நிறுத்தறது எப்படி?”

“எதைத் தொட்டீங்க அண்ணி?”

“நீ தொடாதேன்னு சொன்னதைத் தவிர எல்லாத்தையும்.”

“அப்ப அதையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்க.”

தொட்டாள். திரை அப்படியே உறைந்துபோனது. சத்தம் மட்டும் புது உற்சாகத்தோடு இரட்டிப்பானது.

கம்ப்யூட்டரை அணைத்துவிடலாம்தான். ஆனால் உள்ளே டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கும் எக்ஸ்ரே படமும் அதில்தான் இருந்தது. அணைத்தால் எந்தப் பல் என்று அவர் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஸ்பீக்கரின் ஒயரோ சுவருக்குள் போயிருந்தது. அது எங்கே வெளியே வருகிறது என்பது, அதைப் பொருத்திய எலக்ட்ரீஷியனுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

மேசையில் இருந்த பஞ்சு கண்ணில் பட்டது. ஆளுக்கு இரண்டு உருண்டை கொடுத்துக் காதில் அடைத்துக்கொள்ளச் சொன்னாள். அப்புறம்தான் தெரிந்தது, பஞ்சு பாதிச் சத்தத்தைத்தான் தடுத்தது, டோக்கன் நம்பரை முழுசாகத் தடுத்துவிட்டது. தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருவரும் அசையவில்லை. கடைசியில் அடுத்த டோக்கன் வைத்திருந்த மஞ்சள் புடவை அம்மாவின் தோளைத் தட்டப்போய், பக்கத்தில் இருந்த அவருடைய மாப்பிள்ளையின் தோளைத் தட்டிவிட்டாள். மாமியாருக்குத் துணையாக வந்த மனிதர், பெரியவர்கள் கூப்பிட்டால் மறுக்காத சுபாவம், எழுந்து உள்ளே போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது. மிஷின் ‘ஙீ’ என்றது.

“ஐயோ, அவருக்குப் பல்லெல்லாம் முத்து மாதிரி இருக்கே” என்று மாமியார் பதறிக்கொண்டு மாப்பிள்ளையை மீட்க ஓடினார். அவரும் திரும்பவில்லை.

டோக்கன் அக்கா வாசலுக்கு வெளியே போய்க் கொழுந்தனைக் கூப்பிட்டு, அவனுடைய வருங்காலம், இசை, மூளை எல்லாவற்றையும் பற்றி மனம்விட்டுப் பேசினாள். திரும்பி வந்தபோது கொசுக்கள் தகராறைத் தொடர்ந்துகொண்டிருந்தன. நாற்காலிகள் எல்லாம் காலி. பெரியவரைக்கூடக் காணோம். அவருடைய கைத்தடி மட்டும் தனியாகச் சாய்ந்திருந்தது.

முடிந்தது கதை. சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதுதான் மரியாதை என்று டாக்டரின் அறைக் கதவைத் தட்டினாள். கதவு ஒரு விரற்கடை திறந்தது. யாரோ அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, சட்டென்று சாத்தினார்கள்.

அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். கல்யாண போட்டோவுக்கு நிற்பதுபோலச் சுவரோரமாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளை நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருக்க, டாக்டர் வியர்க்க விறுவிறுக்க வேலை செய்துகொண்டிருந்தார்.

“என்னம்மா இதெல்லாம்? எவ்வளவு சொல்லியும் ஒருத்தரும் வெளிய போக மாட்டேங்கறாங்க.”

“என் தப்புதான் டாக்டர். நான் கிளம்பறேன்.”

டாக்டர் பெருமூச்சு விட்டு மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தார். மிஷின் அடங்கியது. சுவரோரம் நின்றவர்களின் முகமெல்லாம் ஒரே நேரத்தில் கோணியது. மஞ்சள் புடவை மாமியார் பாய்ந்து வந்து டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க மாப்பிள்ளைக்கு இன்னும் எத்தனை பல்லைக் குடைஞ்சாலும் பரவாயில்ல டாக்டர், மிஷினை மட்டும் நிறுத்திடாதீங்க, நிறுத்தினா வெளிய போடற பாட்டு கேக்குது.”