அரை மணி போதும் என்ற டூப்ளிகேட் பாய்

துபாய்க்குப் பக்கத்து அஜ்மானில் எங்கள் டூப்ளிகேட் பாயைவிடச் சந்தேகம் பிடித்த மனிதர் யாரும் கிடையாது என்று சத்தியமே செய்வேன். அவரிடம் சொன்னால் அந்தச் சத்தியத்தையும் நம்ப மாட்டார்.

கீழக்கரைக்காரர். கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். கடைக்கு வரும் ஒவ்வொரு பெட்டியையும் நகத்தால் சுரண்டி, முகர்ந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "டூப்ளிகேட்" என்று தீர்ப்பு சொல்லித் திருப்பி அனுப்புவார். கடையோடு அது நின்றிருந்தால் பரவாயில்லை. தேன், அத்தர், பல் டாக்டரின் சர்டிபிகேட் என்று எதையும் அவர் விட்டதில்லை. ரத்த அழுத்தம் பார்க்கப் போன இடத்தில், அந்த மெஷினை முதலில் டாக்டர் கையிலேயே கட்டிப் பார்க்கச் சொன்னவர். டாக்டருக்குத்தான் பிரஷர் அதிகமாக இருந்தது. பாய் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டார்.

பக்கத்து ஃபிளாட்டுக்கு நாங்கள் குடிவந்த அன்று, மதுரைக்காரன் என்று என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். எந்தத் தெரு என்றார். சொன்னேன். மறுநாள் லிஃப்டில் பார்த்தபோது, "விசாரிச்சேன் தம்பி, அப்படி ஒரு தெரு இருக்குதாம்" என்றார். அன்றிலிருந்துதான் எனக்குப் பதில் சலாம் கிடைத்தது.

அவர் மனைவி மைமூன் அக்கா ஊரில் இருந்தார். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து முடித்த பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக விசிட் விசாவில் வந்து சேர்ந்தார். பாய் அவரை ஒரு மால், அதன்பின் இன்னொரு மால் என்று கூட்டிப்போனார். இரண்டிலும் வாசல்வரை போனதும், விலையில் ஏதோ சூழ்ச்சி இருப்பதாகச் சொல்லித் திரும்பிவிட்டார். விசா முடியும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ராஸ் அல் கைமா பக்கம் மலைக்குள் ஒரு வாடி இருக்கிறது. மலையிடுக்கை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். நல்ல மழை பெய்திருந்ததால், இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, நடுவில் பச்சைத் தண்ணீர் என்று என் மனைவியின் போனில் வீடியோக்களாக வந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை அக்காவையும் பாயையும் அங்கே கூட்டிப்போவது என்று அவள் முடிவு செய்தாள்.

பாய் வீடியோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். தண்ணீரில் கலர் கலந்திருக்கிறார்கள் என்றார். டிக்கெட் உண்டா என்று கேட்டார். இல்லை என்றதும் முகம் மாறிவிட்டது. அங்கே ஏதாவது விற்கிறார்களா என்றார். அதுவும் இல்லை என்றோம்.

"ஒண்ணும் விக்காம, காசும் வாங்காம எதுக்கு தம்பி காட்டுறாக?"

மலை தானாகவே அங்கே இருக்கிறது என்று விளக்கினேன். அரைமனதாக ஒப்புக்கொண்டு, அரை மணி நேரம் போதும் என்றார். நிஜமான சரக்கை அரை மணியில் கண்டுபிடித்துவிடலாம், அதற்கு மேல் நிற்கச் சொன்னால் ஏமாற்று வேலை என்பது அவர் கட்சி. நாள் முழுக்க இருக்க வேண்டும் என்றாள் என் மனைவி. நான் இரண்டு மணி நேரத்துக்குப் பேசி முடித்தேன். அந்தப் பேச்சு நடக்கும்போது அக்கா சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

போய்ச் சேர்ந்ததும், சட்டென்று கிளம்ப வசதியாகக் காரைத் திருப்பி நிறுத்தச் சொன்னார் பாய். பாறைகளை அண்ணாந்து பார்த்து, இவை ஏன் இன்னும் விழாமல் இருக்கின்றன என்று கேட்டார். மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளுக்குச் சொந்தக்காரன் எங்கே என்று தேடினார். பக்கத்தில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்த ஒரு அரபிக் குடும்பத்துப் பெரியவர் கூப்பிட்டுக் கஹ்வா என்கிற அரபிக் காப்பியும் பேரீச்சம்பழமும் கொடுத்தார். "மொதல்ல நீங்க குடிங்க தம்பி" என்று பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாகவில்லை என்று உறுதியான பிறகு தன் கோப்பையைத் தொட்டார். பழம் பிடித்துப்போய் மூன்று நான்கு தின்றார்.

நேரம் ஆனதும் எழுந்து, கிளம்பலாம் என்றார். அக்கா தண்ணீரில் கால்களை விட்டு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை. கால் வலியா என்று கேட்டார் பாய். இல்லை என்றார் அக்கா. தலைசுற்றலா? அதுவும் இல்லை. பாய்க்குச் சந்தேகம் வலுத்தது. யார் அவளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பதுபோல என் மனைவியைப் பார்த்தார். கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன், சரக்கை மாற்றிவைத்துவிடுவார்கள் என்று ஆரம்பித்தார்.

அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "ஒவ்வொரு தடவ லீவுல வந்தப்பவும் வாசல்ல செருப்பக் கழட்டுறதுக்கு முந்தியே திரும்பிப் போற தேதியச் சொன்னீக. கடைப் பையனுகள நம்ப முடியாதுன்னு அதுக்கும் முந்தியே கெளம்பிப் போனீக. நான் ஒரு வார்த்த கேட்டதில்ல. இன்னைக்கி எப்பக் கெளம்பணும்னு நான் சொல்றேன்."

பாய் எங்களைப் பார்த்தார். நானும் என் மனைவியும் ஆடுகளைப் பார்த்தோம்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, கைலியை மடித்துக்கொண்டு, ஒரு விரலை மட்டும் தண்ணீரில் வைத்துப் பார்த்தார். அப்புறம் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். சின்ன மீன்கள் காலைக் கொத்தியதும் விருட்டென்று காலை இழுத்துக்கொண்டு, இது கடிக்குமா என்றார்.

"ஒரிஜினல் மீன்தான், காலை வைங்க" என்றார் அக்கா. பாய் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். பல்வரிசை நன்றாகவே இருந்தது.

வெயில் பாறை உச்சிக்கு ஏறியது. அரபிக் குடும்பம் ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியது. நாங்கள் காரில் உட்கார்ந்து காத்திருந்தோம். வாடியே நிழலான பிறகுதான் அக்கா எழுந்தார். பாய் அவர் செருப்பை எடுத்து வந்து காலடியில் வைத்தார். திரும்பும் வழியெல்லாம் கடைக்கு ஒரு போன்கூடப் போடவில்லை.

அந்த வாரமே அக்காவின் விசாவை நீட்டித்தார். அடுத்த வருடம் கடையை மருமகனிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்கே போய்விட்டார். மருமகனையும் நம்பவில்லைதான். ஆனாலும் போனார்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் வீடியோவில் கூப்பிடுகிறார். எப்படி இருக்கீக என்பார். நல்லா இருக்கேன் பாய் என்பேன். நம்ப மாட்டார். வெளிச்சத்துக்கு வரச் சொல்லி முகத்தைப் பார்ப்பார், இளைத்துவிட்டேன் என்பார், உண்மையைச் சொல்லுங்க தம்பி என்று மறுபடியும் கேட்பார். நல்லா இருக்கேன் என்று சொன்னதும் எல்லோரும் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிற இந்த ஊரில், இரண்டாவது முறையும் கேட்பதற்கு எனக்கு அவர் ஒருவர்தான் இருக்கிறார்.