திருவதிகை சம்பந்தியும் திருட்டுக் கார் ஆட்டமும்

கீரப்பாளையம்
22.8.2011

தங்கமான குணமும் தகர டப்பா வாயும் உள்ள என் கொழுந்தனார் அருள்மொழிக்கு, அண்ணி அமிர்தம் ஆசீர்வாதம் பண்ணி எழுதுவது. இங்கே நான், உங்க அண்ணன், கன்னு போட்ட மாடு எல்லாரும் சௌக்கியம். ஓசூரில் நீயும் உன் மெஸ் சாம்பாரும் சௌக்கியமா? போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் உங்க அண்ணன் பக்கத்தில் நின்று "காசு போவுது, காசு போவுது" என்று இடித்துக்கொண்டே இருப்பார். இது அப்படி அவசரத்தில் சொல்லுகிற சங்கதி இல்லை, உன் கல்யாணச் சங்கதி. தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

நேற்று ஞாயிற்றுக்கிழமை திருவதிகைக்காரர்கள் நம்ம வீடு பார்க்க வந்தார்கள். ரேகாவின் அப்பா கோவிந்தசாமி, அம்மா மங்கலம். இதுவரை காட்டின பெண்ணுக்கெல்லாம் மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று சொன்ன மகராசன், ரேகா போட்டோவை மட்டும் "சரிங்க அண்ணி" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓசூர் பஸ் ஏறினாயே, அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. இந்த இடம் தவறக் கூடாது என்றுதான் கேசரியில் முந்திரியை அள்ளிப் போட்டேன். ஆனால் பதினோரு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் பத்து மணிக்கே வந்துவிட்டார்கள். நான் அப்போது உன் கம்ப்யூட்டரில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதே. நீ சிதம்பரத்தில் பாலிடெக்னிக் படிக்கும்போது, "ப்ராஜெக்ட் ஒர்க்கு அண்ணி, ப்ராஜெக்ட் ஒர்க்கு" என்று சோறு தண்ணி இல்லாமல் கார் திருடிக்கொண்டிருந்தாயே, அதே ஆட்டம்தான். பொம்மை ஹெலிகாப்டரில் குண்டு தூக்கிக்கொண்டு போகிற இடத்தைத் தாண்ட முடியாமல் கீபோர்டைக் குத்தி உடைத்தாய் அல்லவா, உன் ஆட்டம் இன்னமும் அந்த இடத்திலேயே நிற்கிறது. போன மாசம் தூசி தட்டலாம் என்று துணியை எடுத்தேன், பொத்தானை அமுக்கினேன், அது பாட்டுக்கு ஓடியது. எனக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, அம்புக்குறி காட்டுகிற பக்கம் போக வேண்டியதுதானே. நான் உன்னை மாதிரி யாரையும் அடிப்பதில்லை, சுடுவதில்லை. டாக்சியை மட்டும் ஒரே ஒரு தடவை பிடுங்கிக்கொள்வேன். அதற்கப்புறம் நியாயமாகச் சவாரி ஓட்டுவேன்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் கை பதறி டாக்சியை பிளாட்பாரத்தில் ஏற்றி ஒரு போலீஸ்காரரை இடித்துவிட்டேன். டிவி மாதிரி இருக்கிறதே, அதன் பொத்தானை அமுக்கி, பூப்போட்ட துணியால் மூடிவிட்டு, நல்ல பெண்பிள்ளையாகக் கேசரி எடுத்துக்கொண்டு வந்தேன். படம் போய்விட்டால் ஆட்டமும் நின்றுவிடும் என்று நினைத்த என் அறிவை என்ன சொல்ல! கோவிந்தசாமி முதல் வாய் வைக்கிறார், துணிக்குள்ளிருந்து போலீஸ் வண்டி ஊளையிடுகிறது. கூடவே டப்பு டப்பு என்று துப்பாக்கி. மங்கலம் அம்மா இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார்.

கோவிந்தசாமி யார்? கடலூர் சிதம்பரம் ரோட்டில் ஆயுசெல்லாம் கவர்மெண்ட் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். நேராகப் போய்த் துணியை விலக்கி, பொத்தானைத் தேடிப் பிடித்து அமுக்கினார்.

"யாருங்க டாக்சிய இப்படி பிளாட்பாரத்துல ஏத்தி வச்சிருக்கிறது?"

உங்க அண்ணனுக்குத்தான் பொய் சொல்ல வராதே. "அது தம்பியோட ஆட்டம் மாமா. காரு திருடிகிட்டு ஓடணும், போலீசு தொரத்தும்" என்றார்.

"திருடணுமா?" கோவிந்தசாமி முகம் சுருங்கிப்போனது. மங்கலம் அம்மா கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

அவ்வளவு முந்திரியும் வீணாகிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. "தம்பி அத தொட்டதே இல்லீங்க பெரியப்பா. சுவிட்ச் எங்க இருக்குன்னுகூட அதுக்குத் தெரியாது. நாந்தான் ஓட்டுறேன்" என்றேன். உங்க அண்ணன் வாயைத் திறந்தார், காலை மிதித்தேன், மூடிக்கொண்டார்.

"எங்க, ஓட்டிக் காட்டும்மா."

ஓட்டினேன். அவர் என் தலைக்கு மேல் நின்றுகொண்டார். "செவப்பு வுழுது பாரு, நிறுத்து!"

"இந்த ஊர்ல யாரும் நிக்கறதில்ல பெரியப்பா."

"எவனும் நிக்கலன்னா நீயும் நிக்க மாட்டியா? தள்ளும்மா அந்தாண்ட!"

உட்கார்ந்துவிட்டார். எதிரில் ஒரு பஸ் வந்தது. அதைப் பார்த்ததும் மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுல எப்படிம்மா ஏறுறது?" என்றார். பொத்தானைக் காட்டினேன். அமுக்கினார். அவ்வளவுதான், ஆட்டத்தில் வருகிற ஆள் அந்த பஸ் டிரைவரைக் காலரைப் பிடித்து இழுத்து ரோட்டில் போட்டுவிட்டான். "ஐயய்யோ, டூட்டில இருக்கிற டிரைவரு!" என்று எழுந்து நின்று கம்ப்யூட்டரைக் கும்பிட்டார். ஆனால் இறங்கினாரா? இறங்கவில்லை. ஸ்டாப்பில் நிறுத்தினார். சிக்னலில் நிறுத்தினார். பின்னால் வந்தவன் இடித்தான். ஒதுங்கி வழி விடலாம் என்று ரிவர்ஸ் எடுத்ததில் போலீஸ் ஜீப் நசுங்கியது.

"மேல அது என்னம்மா ஸ்டாரு?"

"போலீசு உங்கள தேடுதுன்னு அர்த்தம் பெரியப்பா."

"என்னையா! ஒரு மெமோகூட வாங்காதவன் நானு!"

"சந்துல ஒடிங்க பெரியப்பா, வந்துட்டான்!"

ஒடித்தார். சந்து என்று நினைத்தது கடற்கரை. கவர்மெண்ட் பஸ் முழுசாகக் கடலுக்குள் போனது. மங்கலம் அம்மா வந்து, "இதுக்குத்தான் இம்மாந்தூரம் வந்தமா?" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது கோவிந்தசாமி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கொஞ்ச நேரம் உக்காந்ததுக்கே நான் போலீசு ஜீப்ப இடிச்சுட்டேன். இத வருஷக்கணக்கா ஆடுனவன் எப்படி இருப்பான்? நல்லவேள, மாப்ள தொட்டதில்ல. தொட்டவனா இருந்தா பொண்ணு கிடையாது."

ஆகையால் கொழுந்தனாரே, வருகிற புதன்கிழமை அவரே உனக்குப் போன் போடுவார். கம்ப்யூட்டர் ஆட்டம் என்றால் என்னவென்றே தெரியாது என்று சொல். கார் என்றால் ஓரமாக நின்று கும்பிடுவேன் என்று சொல். அப்படி ஒரு ஆட்டம் இருந்ததையே அடியோடு மறந்துவிடு. வாயை விட்டாயானால் அந்தப் போட்டோவை அவர்களுக்கே தபாலில் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

வேளைக்குச் சாப்பிடு. மழையில் நனையாதே. நீ ஜாஸ்தி பேசாமல் மாலையும் கழுத்துமாக நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அண்ணி
அமிர்தம்

பின்குறிப்பு: கவரை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்கும்போது போன் வந்தது. "அக்கா, நான் ரேகா பேசுறேன்." "அப்பா வூட்டுக்கு வந்ததுலேருந்து சரியா சாப்புடல. அந்த பஸ்ஸு கடல்லேருந்து வெளிய வருமா, மறுபடி கிடைக்குமான்னே கேட்டுகிட்டு இருக்காரு. அவர நான் பாத்துக்குறேன், அத வுடுங்க. உங்க கொழுந்தனாரு நெசமாவே அந்த ஆட்டத்த தொட்டதில்லையா?" என்றாள். நான் பெருமையாக, "சத்தியமா இல்லம்மா" என்றேன். "ஐய, அப்ப வேணாங்க்கா. காலேஜ் ஹாஸ்டல்ல அத முழுசா முடிச்சவ நானு. சுவிட்ச்சே தெரியாதவர கட்டிகிட்டு ஆயுசுக்கும் என்னத்த பேசுறது?" என்றாளே பார்க்கலாம்! சத்தியத்தை அந்த நிமிஷமே திரும்ப வாங்கிக்கொண்டு, நீ கீபோர்டு உடைத்த கதையைச் சொன்னேன். "பொம்ம ஹெலிகாப்டர்லயேவா நிக்கிறாரு!" என்று அரை மணி நேரம் சிரித்தாள். அப்புறம் அவள் போனில் சொல்லச் சொல்ல, உடைந்த கீபோர்டிலேயே நான் அதைத் தாண்டிவிட்டேன். எப்படி என்று உனக்குச் சொல்ல மாட்டேன், சொல்லக் கூடாது என்று அவள் உத்தரவு. ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேசுவாள், அதற்குள் நீயே தாண்டியிருக்க வேண்டுமாம். ஆகவே மேலே எழுதினதையெல்லாம் அடித்துவிடு. ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டு, ஓசூரில் எந்தக் கம்ப்யூட்டர் கடையிலாவது போய் உட்கார். உங்க அண்ணன் கேட்டால் ப்ராஜெக்ட் ஒர்க்கு என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.